அரங்கேற்றத்துக்கு முந்திய குரல்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடரிலே பொப் இசைக் குழுவொன்றின் ஒத்திகை நாடாவைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவது நியாயந்தான். ஆனால், ஒரு கவிஞரின் கையெழுத்துப் பிரதியை நாம் ஏன் தேடுகிறோம் என்று சற்று நினைத்துப் பாருங்கள். அச்சிலே வந்த கவிதை நம் கையில் இருக்கிறது. அதுவே முடிந்த முடிபு. இருந்தும், அடித்தலும் திருத்தலும் நிறைந்த அந்தப் பழுப்பேறிய தாளைக் கண்டால் மனம் துள்ளுகிறது. எந்தச் சொல்லை வெட்டினார், எதனை அதன் இடத்தில் வைத்தார், எங்கே கை தயங்கி நின்றது என்பதையெல்லாம் அச்சுப் புத்தகம் சொல்லாது. அந்தத் தாள் சொல்லும்.

பாடகருக்கு அந்தத் தாள் எது? ஒத்திகையிலே பதிவாகிய ஒலிநாடாதான். புகழ்பெற்ற பாடகர்கள், புகழ் அவர்களைத் தேடி வருவதற்கு முன்னர், தங்கள் முதலாவது குழுவோடு பாடிப் பழகிய நாட்களிற் பதிவாகிய ஒலிகளே இன்றைய உரையின் பொருள்.

ஒத்திகை என்பது நமக்குப் புதிய விடயமன்று. மட்டக்களப்புக் கூத்து மரபை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணாவியார் ஒவ்வொருவருக்கும் அவரவர் பாத்திரத்துக்குரிய ஏட்டைக் கொடுப்பதைச் சட்டம் கொடுத்தல் என்பார்கள். ஆட்டம் ஓரளவு படிந்த பின் சதங்கை அணி விழா. அதன் பின்னர் கிழமைக் கூத்து. வாரந்தோறும் ஊரார் முன்னிலையில் ஆடிக் காட்டுவது அது. பின் அடுக்குப் பார்த்தல். எல்லாவற்றுக்கும் கடைசியிலேதான் அரங்கேற்றம். பயிற்சியின் ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயர் வைத்து, அதனைச் சடங்காகவும் மதித்த மரபு அது. அரங்கேற்றத்தை மாத்திரம் கலை என்று கருதியிருந்தால் இத்தனை பெயர்கள் தோன்றியிரா.

இனி, கடல் கடந்து இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுக நகருக்குச் செல்வோம். ஒத்திகை ஒலிப்பதிவு என்ற பொருளிலே உலகறிந்த உதாரணம் அங்கேதான் இருக்கிறது.

1957ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6ஆம் திகதி. லிவர்பூலின் புறநகரான வூல்ட்டனிலே, சென் பீற்றர்ஸ் தேவாலயத்தின் கோடை விழா. அங்கே பாட வந்தது ‘குவாரிமென்’ என்ற பையன்களின் குழு. அதன் தலைவனுக்கு வயது 16. பெயர் ஜோன் லெனன். விலை உயர்ந்த வாத்தியங்கள் அவர்களிடம் இல்லை. துணி துவைக்கும் தகரப் பலகையை விரலுறையால் உரசித் தாளம் எழுப்பினான் ஒருவன். இன்னொருவன் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, அதிலே ஒரு தடியை நாட்டி, கயிறு கட்டி, கீழ்ச் சுருதி எழுப்பினான். ஆம் நேயர்களே, நம் மலைநாட்டிலிருந்து அந்நாளிற் கப்பலேறிய அதே வகைப் பலகைப் பெட்டிதான். கொழுந்து பறித்த கைகளுக்கும் அந்தப் பாட்டுக்கும் இப்படியும் ஓர் உறவு.

அன்று பிற்பகல் அந்தக் குழுவின் பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்ற இன்னொரு பையன், 15 வயது போல் மக்கார்ட்னி. லெனனுக்குப் பாட்டின் சொற்கள் முழுவதும் தெரியவில்லை என்பதையும், தெரியாத இடங்களில் தாமே சொற்களை இட்டு நிரப்பினார் என்பதையும் மக்கார்ட்னி பிற்காலத்திற் பலமுறை சொல்லியிருக்கிறார். பிற்பகல் நிகழ்ச்சிக்கும் இரவு நிகழ்ச்சிக்கும் இடைப்பட்ட நேரத்திலே ஒரு பொது நண்பர் இருவரையும் அறிமுகஞ் செய்து வைத்தார். மக்கார்ட்னி கிற்றாரை வாங்கி, சுருதி கூட்டி, ஒரு பாட்டைச் சொற் பிசகாமற் பாடிக் காட்டினார். லெனனுக்கு அந்நாளில் கிற்றாருக்குச் சரியாகச் சுருதி கூட்டவே தெரியாது. தாயார் கற்றுக் கொடுத்த பான்ஜோ விரல் வைப்பிலேதான் அவர் வாசித்து வந்தார்.

அன்றிரவு மண்டபத்திலே நடனம். பொப் மொலினோ என்ற இளைஞர் ஒருவர், கிறண்டிக் என்னும் ஜெர்மன் ஒலிப்பதிவுப் பெட்டியொன்றைக் கொண்டு வந்திருந்தார். குவாரிமென் குழு பாடியதில் இரண்டு பாடல்கள் அவருடைய நாடாவில் எஞ்சின. மண்டபத்துப் பேச்சொலியும் எதிரொலியும் சேர்ந்து, குரல் எங்கோ தூரத்திலிருந்து வருவது போலிருக்கும். மொலினோ பின்னர் பொலிஸ் உத்தியோகத்தரானார். ஓய்வு பெற்ற பிறகு, அந்த நாடா தம்மிடம் இருப்பது அவர் நினைவுக்கு வந்தது. 1994ஆம் ஆண்டு செப்ரெம்பரில் இலண்டனின் சொதபீஸ் ஏல விற்பனையிலே, ஈ.எம்.ஐ. இசைத்தட்டு நிறுவனம் அதனை 78,500 பவுணுக்கு வாங்கியது. ஆனால் ஒலித்தரம் போதாதென்று கருதி, 1995இல் வெளியிட்ட தொகுப்பில் அந்நிறுவனம் அதனைச் சேர்க்கவில்லை.

இத்தனை பணம் கொடுத்து வாங்கி, வெளியிட முடியாமல் வைத்திருக்கிறார்கள் என்றால் அதன் பெறுமதி இசையில் இல்லை என்பது தெளிவு. ஒருவரையொருவர் கண்டு சில மணித்தியாலங்களே ஆன ஒரு நாளின் ஒலி அது. மக்கார்ட்னியின் குரல் அதிலே இல்லை. அவர் இன்னும் குழுவிற் சேரவில்லை. பின்னாளில் உலகமே சேர்த்து உச்சரித்த இரண்டு பெயர்களில் ஒன்று மேடையிலும், மற்றையது மேடைக்குக் கீழேயும் நின்ற இரவு அது.

இரண்டாவது பதிவு 1958ஆம் ஆண்டுக் கோடை காலத்தது. லிவர்பூலிலே பேர்சி பிலிப்ஸ் என்பவர் தமது வீட்டிலேயே ஒரு சிறு ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தார். கட்டணம் 17 சிலிங் 6 பென்ஸ். லெனன், மக்கார்ட்னி, புதிதாகச் சேர்ந்த ஜோர்ஜ் ஹரிசன், பியானோ வாசித்த ஜோன் லோ, மேளம் அடித்த கொலின் ஹன்ரன் ஆகிய ஐவரும் அங்கு சென்றனர். ஒரு பக்கத்திலே அமெரிக்கப் பாடகர் படி ஹொலி பாடிய பாட்டு. மறுபக்கத்திலே மக்கார்ட்னியும் ஹரிசனும் சேர்ந்து இயற்றிய பாட்டு. கையிற் கிடைத்தது ஒரேயொரு தட்டு. அலுமினியத் தகட்டின் மேல் மெழுகு போன்ற பூச்சுப் பூசிய தட்டு அது. ஒவ்வொரு முறை ஊசி படும்போதும் அதன் பள்ளம் தேயும். கேட்கக் கேட்க அழியும் பொருள்.

இருந்தது ஒரு தட்டு, ஆட்கள் ஐவர். ஆளுக்கு ஒரு கிழமை என்று முறை வைத்துக் கொண்டார்கள். முறை சுற்றி வந்து ஜோன் லோவின் வீட்டிலே தங்கிவிட்டது. அவரும் குழுவை விட்டு விலகிவிட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அது அவரிடமே இருந்தது. 1981இல் மக்கார்ட்னி அதனை விலை கொடுத்து வாங்கி, சுமார் 50 பிரதிகள் செய்வித்து நண்பர்களுக்கு வழங்கினார். பொதுமக்கள் அதனைக் கேட்டது 1995இல் வெளிவந்த ‘அன்தொலொஜி’ தொகுப்பின் முதலாம் பாகத்திலேதான்.

மூன்றாவது, நமது பொருளுக்கு மிக நெருக்கமானது. 1960ஆம் ஆண்டு. இம்முறை மேடையும் இல்லை, ஒலிப்பதிவுக் கூடமும் இல்லை. மக்கார்ட்னியின் வீடு, இரவல் வாங்கிய ஒரு கிறண்டிக் பெட்டி, பாடசாலை விடுமுறையிலே கூடிய சில பையன்கள். மேளகாரர் எவரும் இல்லை. குளியலறையின் ஓட்டுச் சுவரிலே குரல் எதிரொலித்து இனிமையாகக் கேட்கும் என்பதால் அங்கேயும் போய்ப் பதிந்தார்கள். அப்பொழுது அந்தக் கூட்டத்துக்கு ‘பீற்றில்ஸ்’ என்ற பெயர் நிலைபெறவும் இல்லை. இந்த நாடாக்களிலிருந்து மூன்று பாடல்கள் 1995ஆம் ஆண்டுத் தொகுப்பில் இடம்பெற்றன.

இந்த நாடாக்களைக் கேட்டவர்கள் முதலில் அடைவது ஏமாற்றமே. ஒரே துணுக்கைப் பல நிமிடங்கள் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். சுருதி விலகுகிறது. ஒருவர் முந்துகிறார், ஒருவர் பிந்துகிறார். பகடிக்காகக் குரலைத் தடிப்பாக்கிப் பாடுகிறார்கள். இவர்களா உலகை ஆண்டவர்கள் என்று கேட்கத் தோன்றும். ஆனால் பொறுமையோடு கேட்டால் ஒன்று புலப்படும். 1964ஆம் ஆண்டு டிசெம்பரில் ஓர் இசைத்தட்டில் வெளிவந்து பலராலும் விரும்பப்பட்ட ‘ஐல் ஃபொலோ த சன்’ என்ற பாட்டின் ஆரம்ப வடிவம் இந்த நாடாவிலே இருக்கிறது. நான்கு ஆண்டுகளாக அந்தப் பாட்டு அவர்களோடு இருந்திருக்கிறது. மெட்டின் ஒரு பகுதி நிலைத்தது, ஒரு பகுதி கழிந்தது, வேகம் மாறியது. 1970இல் அவர்களுடைய கடைசித் தட்டில் வெளியான இன்னொரு பாட்டும் இதே ஒத்திகைக் காலத்தது. கருக்கொண்டது ஒரு நாள், பிறந்தது பத்து வருடம் கழித்து.

பிறவிக் கலைஞர் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கருவிலே திரு என்றும் சொல்கிறோம். அதனை முற்றாக மறுக்க நான் வரவில்லை. ஆனால் ஒத்திகை நாடா அந்தச் சொல்லுக்கு ஓர் எல்லை வைக்கிறது. திரு இருந்தது உண்மை. திருத்தமும் இருந்தது என்று அது சாட்சி சொல்கிறது.

இன்னொரு சாட்சியத்தையும் அது சொல்கிறது. அதுவே இவ்வுரையிலே நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. அந்த 1960ஆம் ஆண்டு நாடாவில் பேஸ் கிற்றார் வாசித்தவர் ஸ்ருவர்ட் சட்கிளிவ் என்ற இளைஞர். அவர் உண்மையில் ஓர் ஓவியர். லெனனின் ஓவியக் கல்லூரித் தோழர். லிவர்பூல் கண்காட்சியொன்றில் தமது ஓவியம் விலைப்பட்ட பணத்திலே பேஸ் கிற்றார் வாங்கிக் குழுவிற் சேர்ந்தவர். வாசிப்பிலே தேர்ச்சி பெற்றவர் அல்லர். 1961இல் குழுவை விட்டு விலகி, ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரிலேயே தங்கி ஓவியம் பயின்றார். 1962ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் திகதி, மூளை இரத்தப் பெருக்கினால் அங்கேயே இறந்தார். வயது 21. அதே ஆண்டு ஒக்ரோபரிலேதான் பீற்றில்ஸின் முதலாவது இசைத்தட்டு இங்கிலாந்தில் வெளியாயிற்று.

உலகம் கொண்டாடிய தட்டுகள் எதிலும் ஸ்ருவர்ட் இல்லை. அந்தக் குழுவோடு அவர் வாசித்ததைக் கேட்க நமக்கு இருப்பவை அந்த வீட்டு நாடாக்களே. தடுமாறித் தடுமாறி, ஆனால் விடாமல், அவருடைய கிற்றாரின் கீழ்ச் சுருதி ஒலித்துக்கொண்டிருக்கிறது. அவரைப் பெற்ற தாய்க்கும், உடன்பிறந்த சகோதரிகளுக்கும் அந்த நாடா எத்தகைய பொருள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இசைத்தட்டு புகழ் பெற்றவரை வைத்திருக்கிறது. ஒத்திகை நாடாவோ, அவரோடு கூட நின்றவர்களையும் வைத்திருக்கிறது. தகரப் பலகை உரசிய பையன், தேயிலைப் பெட்டி வாசித்த பையன், பியானோ வாசித்த ஜோன் லோ, மேளம் அடித்த கொலின் ஹன்ரன், கடைசியில் ஸ்ருவர்ட். இவர்கள் இல்லாமல் அந்த முதலாவது குழு இல்லை. அந்தக் குழு இல்லாமல் பின் வந்த புகழும் இல்லை. குவாரிமென் குழுவின் பழைய தோழர்கள் சிலர் 1997இல், 40 ஆண்டுகள் கழித்து, மீண்டும் ஒன்றுகூடி மேடையேறினார்கள். லெனன் அப்போது உயிரோடு இல்லை. 1980ஆம் ஆண்டிலேயே நியூயோர்க்கிற் சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டார்.

நாடா இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் ஓர் உதாரணம் உண்டு. நமக்கு அண்மையிலேயே உண்டு. குயீன் குழுவின் பாடகராகிய பிறெடி மேர்க்குரியை நேயர்கள் பலர் அறிவீர்கள். 1946இல் சன்சிபார்த் தீவிலே பார்சிக் குடும்பமொன்றிற் பிறந்தவர். இயற்பெயர் பறூக் பல்சாரா. பள்ளிப் படிப்பின் பெரும்பகுதி இந்தியாவிலே, மகாராட்டிர மாநிலத்துப் பஞ்ச்கனி மலைநகரின் சென் பீற்றர்ஸ் விடுதிப் பாடசாலையில். அங்கே 1950களின் இறுதியில் ஐந்து மாணவர்கள் சேர்ந்து ‘ஹெக்ரிக்ஸ்’ என்றொரு குழு அமைத்தார்கள். அதுவே அவருடைய முதலாவது இசைக் குழு. அதிலே அவர் முன்னணிப் பாடகரும் அல்லர். பாடியவர் இன்னொரு மாணவர். இவர் பின்னாலே பியானோ வாசித்தார். வானொலியிலே ஒருமுறை கேட்ட பாட்டை உடனே பியானோவில் வாசித்துவிடுவார் என்று பள்ளித் தோழர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்நாட்களில் இந்தியாவெங்கும் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையை விரும்பிக் கேட்டார்கள் என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளலாம்.

அந்தப் பாடசாலைக் குழுவின் ஒலி நமக்குக் கிடைக்கவில்லை. கிடைப்பவை சில புகைப்படங்களும் தோழர்களின் ஞாபகங்களும். ஒலி இல்லாத இடத்திலே கதை வளர்கிறது. அன்றே அவர் நட்சத்திரமாக ஜொலித்தார் என்று ஒருவர். கூச்ச சுபாவமுள்ள பையன் என்று இன்னொருவர். இரண்டும் உண்மையாக இருக்கலாம். தீர்த்து வைக்க நாடா இல்லை. அவர் குடும்பம் 1964இல் சன்சிபார்ப் புரட்சியின் பின் இங்கிலாந்து சென்றது. 1969இலே அங்கு ‘ஐபெக்ஸ்’ என்ற குழுவிற் சேர்ந்தார். அக்குழு விரைவில் ‘றெக்கேஜ்’ என்று பெயர் மாற்றிக் கொண்டது. அந்த ஆண்டிலே லிவர்பூல் இசைக் கழகமொன்றில் அவர் பாடியதும், பின்னர் ஒத்திகையொன்றிற் பாடியதும் நண்பர்களின் நாடாக்களிலே தப்பின. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய தனிப் பாடல்களின் பெருந்தொகுப்பிலே இவை இரண்டும் உள்ளன. 23 வயது இளைஞனின் குரல். பின்னாளிலே அரங்குகளை அதிர வைத்த அந்தக் குரல், தன் பலத்தைத் தானே இன்னும் அறியாமல் தேடிக்கொண்டிருப்பதை அவற்றிற் கேட்கலாம்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கலைஞர் வெளியிட விரும்பாத ஒன்றை நாம் கேட்பது முறைதானா? சமையல் முடியுமுன் அடுப்படிக்குள் எட்டிப் பார்ப்பதைப் போன்றதல்லவா இது? தம் கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிடும்படி சொல்லிச் சென்ற எழுத்தாளர்கள் உண்டு. பிராஃன்ஸ் காஃப்கா சொன்னார். நண்பர் மக்ஸ் புறொட் எரிக்கவில்லை. அதனாலேதான் ‘விசாரணை’ என்ற நாவல் 1925இல் உலகுக்குக் கிடைத்தது. அதற்காக நண்பரின் சொல்லை மீறியது சரியென்று எல்லோரும் ஒப்புக்கொள்வதுமில்லை.

என் எண்ணத்தைச் சொல்கிறேன். பாதுகாத்தல் வேறு, பகிரங்கப்படுத்தல் வேறு. ஒலியை வெளியிடுவதா என்பதைப் பாடியவரும் அவருக்கு உரியவர்களும் தீர்மானிக்கட்டும். ஆனால் தீர்மானிப்பதற்குப் பொருள் இருக்க வேண்டுமே! அழித்துவிட்டால் பிறகு அனுமதி கேட்பதற்கும் ஒன்றும் இல்லை, மறுப்பதற்கும் ஒன்றும் இல்லை. லெனன் 1970களின் பிற்பகுதியில் தம் நியூயோர்க் வீட்டிலே பியானோவோடு பாடிப் பதிந்த ஒரு சாதாரண கசெற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களின் நடுப்பகுதியில் மற்றைய மூவரும் அதனைக் கொண்டு பாட்டொன்றை முடிக்க முயன்றார்கள். இரைச்சலும், குரலை மூடிய பியானோவும் இடங்கொடுக்கவில்லை. கைவிட்டார்கள், ஆனால் கசெற்றை வீசிவிடவில்லை. கணினி நுட்பம் வளர்ந்து, குரலைப் பியானோவிலிருந்து தனியே பிரித்தெடுக்க முடிந்தது. 2023ஆம் ஆண்டு நவம்பரில் அந்தப் பாட்டு வெளியாயிற்று. ஹரிசன் அதற்குள் மறைந்துவிட்டார். 1995இல் அவர் வாசித்து வைத்த கிற்றார் அதிலே ஒலிக்கிறது. உபயோகமற்றது என்று இன்று நாம் ஒதுக்கும் நாடா, நாளை பிறக்கப்போகும் ஒரு நுட்பத்துக்காகக் காத்திருக்கிறது என்று கொள்வதே விவேகம்.

நேயர்களே, இனி நம் கரைக்கு வருவோம். சிலாபத்துக்கும் பொப் இசைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு உண்டு. 1960களில் சிங்களப் பொப் இசையின் போக்கையே மாற்றிய ‘மூன்ஸ்ரோன்ஸ்’ குழுவை நீங்கள் அறிவீர்கள். கிளறன்ஸ் விஜேவர்தன பாடல்களை இயற்றி மின் கிற்றார் வாசித்தார். அனெஸ்லி மாலேவன பாடினார். அந்தக் குழுவின் முகாமையாளராக இருந்தவர் சிறி சங்கபோ கொரயா. அதனை வானொலி நேயர்களுக்கு அறிமுகஞ் செய்தவர் அறிவிப்பாளர் விஜய கொரயா. கொரயா குடும்பத்தின் பூர்வீகம் நம் சிலாபம். இலங்கை வானொலியின் ஆங்கில சேவையிலே புகழ் பெற்ற வேர்னன் கொரயாவும் அக்குடும்பத்தவரே. பெயர் தெரியாத இளைஞர்களின் பாட்டை ஒலிவாங்கி முன் கொண்டுவந்து நிறுத்துவதும் ஒரு கலைத் தொண்டுதான். அதற்குக் காது வேண்டும். அரங்கேற்றத்துக்கு முந்திய குரலிலே, அரங்கேறப் போகும் குரலைக் கேட்கத் தெரிந்த காது.

கிளறன்ஸ் 1996இல் மறைந்தார். அவருடைய இசைத்தட்டுகள் இன்றும் ஒலிக்கின்றன. தமிழிலே நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப் பாடல்களும் அவ்வாறே. அவையெல்லாம் அரங்கேற்றங்கள். அவற்றுக்கு முன்னால், யாருடைய வீட்டு விறாந்தையிலோ, எந்தப் பாடசாலை மண்டபத்திலோ நடந்த ஒத்திகைகளிலே யார் மேளம் அடித்தார், யார் மெட்டைத் திருத்தினார், யாருடைய வீட்டிலே தேநீர் கொடுத்தார்கள்? நட்சத்திரத்தின் பெயர் எல்லோருக்கும் தெரியும். கூட நின்றவர்களின் பெயர்களை வீட்டிலுள்ளோர் சொன்னாலன்றி நாம் அறியோம்.

பொப் பாடகர்களோடு இந்த விடயம் முடிந்துவிடவில்லை. உடப்பிலும் அதனை அண்டிய கரையோரக் கிராமங்களிலும் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டைக் கேட்டிருப்பீர்கள். கோவில் திருவிழாவுக்கும், தேவாலயத் திருநாளுக்கும் நாடகமும் கூத்தும் பழகிய இரவுகளை மூத்தோர் அறிவார்கள். பிலிப்ஸ் கம்பனி 1963இல் கசெற்றை அறிமுகஞ் செய்தபின், அந்தச் சிறு பெட்டி மெல்ல மெல்ல நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. எத்தனையோ ஒத்திகைகள் அதிலே பதிவாகின. பின்னர் புதுக் கசெற் வாங்கக் காசில்லாத ஒரு நாளிலே, அதே கசெற்றின் மேலே சினிமாப் பாட்டும் பதிவாயிற்று. இது எவருடைய குற்றமுமன்று. ஒத்திகைதானே என்று எண்ணினோம். அண்ணாவியாரின் இருமலும், பிழை விட்டவனுக்கு விழுந்த ஏச்சும், பின்னால் கேட்ட சிரிப்பும் ஒரு நாள் அருமருந்தாகும் என்று அன்று யார் கண்டார்?

எஞ்சியவற்றைக் காப்பாற்றலாம். அதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. ஒலிநாடா என்பது மெல்லிய பிளாஸ்ரிக் பட்டியின் மேல், இரும்பு ஒட்சைட்டுத் துகளைப் பசையினால் ஒட்டிய பொருள். துகளின் காந்த ஒழுங்கிலேதான் குரல் இருக்கிறது. பசை ஈரத்தை உறிஞ்சினால் இளகும், துகள் உதிரும், துகளோடு குரலும் உதிரும். நம் கரையிலே காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். ஆகவே கசெற்றைத் திறந்த இறாக்கையிலே வைக்காமல், அதன் உறைக்குள் இட்டு, இறுக மூடும் பெட்டியிலே, நிமிர்த்தி வைப்பது நல்லது. ஒலிபெருக்கி, மோட்டார் போன்ற காந்தமுள்ள பொருட்களின் அருகில் வைக்கக் கூடாது. பூஞ்சணம் பிடித்திருந்தால் அதனை அப்படியே ஓட விடாதீர்கள். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்வியுங்கள். கசெற்றின் முதுகுப் பக்கத்திலே இரண்டு சிறு பிளாஸ்ரிக் துண்டுகள் இருக்கும். அவற்றை முறித்துவிட்டால் கைதவறி வேறொன்றை அதன்மேற் பதிந்துவிட முடியாது. கணினிக்கோ கைத்தொலைபேசிக்கோ ஒரு பிரதி எடுத்து, அதனை இரண்டு இடங்களிலாவது வையுங்கள். பிரதி எடுத்தாயிற்று என்று மூலத்தை எறிந்துவிடாதீர்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, ஒரு துண்டுத் தாள். அந்தத் தாளிலே திகதி, இடம், பாடியவர், மேளம் அடித்தவர், பின்பாட்டுக்காரர், பார்த்துக்கொண்டிருந்தவர் என்று தெரிந்த பெயர்களையெல்லாம் எழுதிக் கசெற்றோடு வையுங்கள். பெயர் எழுதாத நாடா, முகவரி எழுதாத கடிதத்தைப் போன்றது. எவ்வளவு அருமையான செய்தி உள்ளே இருந்தாலும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராது. அந்தப் பெயர்களைச் சொல்லக் கூடியவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டியவர்கள். அவர்கள் திண்ணையில் இருக்கும்போதே போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்பு, ஆச்சி, இது யாருடைய குரல் என்று ஒருமுறை போட்டுக் காட்டினாற் போதும். மிகுதியை அவர்களே சொல்வார்கள்.

பாரதியார் பாடுவார், கம்பீரமாகப் பாடுவார் என்று கேட்டவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தியாவிலே இசைத்தட்டுப் பதிவு 1902இல் ஆரம்பமாயிற்று. அவர் மறைந்தது 1921இல். இடையிலே 19 ஆண்டுகள். அந்தக் குரலை ஒருவரும் பதிந்து வைக்கவில்லை. அவருடைய எழுத்து நம்மிடம் இருக்கிறது, குரல் இல்லை. அந்த இழப்பை இனிச் சரிக்கட்ட வழியில்லை. ஆனால் வூல்ட்டன் மண்டபத்திலே ஓர் இளைஞர், தாம் பதிவது இன்னாருடைய குரல் என்று அறியாமலே பதிந்தார். பதிந்ததை வீசாமல் வைத்திருந்தார். அவர் செய்ததெல்லாம் அவ்வளவே. நம் ஊரிலே இன்றிரவும் எங்கேனும் ஒரு மண்டபத்திலே பிள்ளைகள் கூடிப் பாடிப் பழகிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் யார் அரங்கேறுவார், யார் கூட நின்றவராக மறக்கப்படுவார் என்று நமக்குத் தெரியாது. தெரியாதபடியினாலேதான் எல்லோருடைய குரலையும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.